அட்டை வெட்டும் இயந்திரமும் அதன் சாவியும்

ஆம்பூரில் மூடிப்போன ஒரு ஷூ கம்பெனியின் சாமான்கள் பழைய இரும்புக் குடோனுக்கு வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு நான் கிளம்பியபோது, எனக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல கத்தரிக்கோல் மட்டும்தான்.

நான் ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டுகிறவள். ஒரு ஷூவின் மேல்பாகத்தில் எட்டோ பத்தோ தோல் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கெட்டி அட்டையில் ஒரு மாதிரி வேண்டும். அதைத் தோல்மேல் வைத்துத்தான் வெட்டுவார்கள். அளவு மாறினால் அட்டையும் மாறும். பத்து வருடம் ஒரு கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் வேலை செய்துவிட்டு, மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே சின்ன யூனிட்டுகளுக்குச் செய்துகொடுக்கிறேன். லேப்டாப்பில் வரைந்து, தாளில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, கத்தியால் வெட்டுவேன். ஒரு மாடலுக்கு ஆறு அளவு என்றால் அறுபது துண்டுகள். முடிப்பதற்குள் கட்டைவிரல் மரத்துவிடும்.

குடோனில், மூட்டை மூட்டையாகக் கிடந்த பிளாஸ்டிக் பாத அச்சுகளுக்குப் பின்னால் அது நின்றது. கட்டில் நீளத்துக்கு ஒரு மேசை, அதன் குறுக்கே ஒரு இரும்புத் தண்டு, தண்டின்மேல் ஓடுகிற கைப்பிடி அளவு தலை. அந்தத் தலைக்குள்தான் கத்தி இருக்கும். நான் வேலை பார்த்த கம்பெனியிலும் இதேபோல ஒன்று இருந்தது. ஏசி அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஒருவரைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. பத்து வருடமும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அது எப்படி வளைவில் திரும்புகிறது, கத்தி எப்போது இறங்குகிறது என்று கேட்க ஆசை. கேட்டதில்லை.

"பாய், இது ஓடுமா?" என்றேன் குடோன்காரரிடம்.

"லைன் குடுத்துப் பாத்துக்கம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன். ஓடுமா ஓடாதான்னு எனக்கே தெரியாது."

பிளக்கைச் செருகினார். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அந்தத் தலை லேசாக உதறிக்கொண்டு, மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து, மேசையின் மூலைக்குப் போய் நின்றது. யாரும் சொல்லாமலே தன் இடத்தைக் கண்டுபிடித்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"இதுக்குக் கம்ப்யூட்டர் இல்லியா பாய்?"

"அதெல்லாம் தனியா போய்ட்ச்சும்மா. பெங்களூர் பார்ட்டி எடுத்துட்டாங்க. உங்கிட்டதான் லேப்டாப் இருக்குமே."

ஆமாம், இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். கடையில் நிற்கும்போது என் வாயில் கேள்வியே வராது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். இதற்கு முன்னால் வரைவதற்கென்று ஒரு மின்பேனா வாங்கினேன். அது இடதுகைக்காரர்களுக்கானது என்று பெட்டியைப் பிரித்த பிறகுதான் படித்தேன். கையால் இழுக்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். நேர்கோட்டைக்கூட அது பாம்பாகத்தான் காட்டியது. அவை சின்னப் பொருள்கள். அலமாரிக்குள் மறைத்துவிட முடிந்தது.

என் கணவர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். இரண்டு நண்பர்களை அழைத்துக்கொண்டு போய் இயந்திரத்தைத் தூக்கி வந்தார். கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. கூடத்தில் இருந்த கட்டிலைப் பிரித்துச் சுவரோரமாகச் சாய்த்துவைத்தோம்.

"நாம படுக்க எடம் இல்ல. அது மட்டும் நல்லா கால நீட்டிப் படுத்துனு இருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பாயை அவர்தான் விரித்தார்.

மறுநாள் லேப்டாப்போடு இணைக்கப் பார்த்தேன். இயந்திரத்தின் பின்புறம் இரண்டு வரிசையாக ஊசிகள் கொண்ட அகலமான ஒரு வாய் இருந்தது. என் லேப்டாப்பில் அப்படி எதுவும் இல்லை. ஆன்லைனில் ஒரு மாற்று ஒயர் வாங்கினேன். வாயில் பொருந்தியது, வேலை செய்யவில்லை. வேறு நிறத்தில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் பொருந்தியது, அதுவும் வேலை செய்யவில்லை. பிறகு பஸ் ஏறி வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். மொத்த விலை மளிகைக்கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறினால், பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேடம், இந்த மெஷினுக்கு இன்னா வயசு தெரியுமா? இப்ப வர்ற லேப்டாப்புக்கு இது பேசறது புரியாது. இதோட செட்டு ஆளு ஒண்ணு எங்கிட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய சிபியூவை இழுத்தார். அதன் பின்புறம் நான் தேடிய அகலமான வாய்கள் இருந்தன. திரையும் கூடவே வேண்டும் என்றார். இரண்டையும் வாங்கி, பஸ்ஸில் திரையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தெரிந்தவர்கள் யாரும் ஏறிவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயந்திரத்தின் மூடிக்குள் ஒரு காகித உறையில் சிடி ஒட்டியிருந்தது. அதைப் போட்டேன். எல்லாம் ஏறியது. மென்பொருளைத் திறந்தால் ஒரே ஒரு கட்டம் வந்தது: சாவி கிடைக்கவில்லை.

பாஸ்வேர்டு கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூடிப்போன கம்பெனியின் பெயரை விதவிதமாக அடித்தேன். இயந்திரத்தின் அடியில் பொறித்திருந்த எண்ணை அடித்தேன். அட்டை, கத்தி, ஷூ என்று ஆங்கிலத்தில் தெரிந்த சொல்லையெல்லாம் அடித்தேன். நான்கு நாள் இப்படியே போனது. உண்மையைச் சொன்னால் அந்த நான்கு நாளும் எனக்கு நன்றாகவே இருந்தது. சமைக்கும்போதுகூடப் புதிதாக ஒரு சொல் தோன்றும். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ஓடிவந்து அடித்துப்பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் லாங் பஜார்காரருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார்.

"அது பாஸ்வேர்டு இல்ல மேடம். நெஜமாவே சாவிதான். தீப்பெட்டி சைஸுக்கு ஒரு டப்பி, கம்ப்யூட்டர் பின்னாடி சொருகி இருக்கும். அது இருந்தாத்தான் சாஃப்ட்வேர் தொறக்கும். இன்னொருத்தன் காப்பி அடிக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பண்ற வேல."

பெங்களூர் பார்ட்டிக்கு அப்படி எதுவும் வரவில்லை என்று குடோன் பாய் விசாரித்துச் சொன்னார். அந்தக் கம்பெனியின் பழைய வாட்ச்மேன் நம்பரைக் கொடுத்தார். வாட்ச்மேன், இயந்திரத்தை ஓட்டியவரின் நம்பரைக் கொடுத்தார். அவர் இப்போது சொந்த ஊரான கலவையில் செடி நர்சரி வைத்திருக்கிறாராம். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மெஷினு யார்கிட்ட இருக்குது?"

"எங்கிட்டதாங்கண்ணா."

"ஓடுதா?"

"சாவி இல்லாம எப்டிண்ணா ஓடும்?"

"நேர்ல வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலூர், ஆற்காடு என்று பஸ் மாறி மாறிப் போனேன். ரோட்டோரமாகவே நர்சரி. கொய்யாவும் மாவும் கறுப்புப் பைகளில் வரிசையாக நின்றன. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ரப்பர் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, என்னை உட்காரச் சொன்னார். உள்ளே போய் ஒரு காது சொட்டு மருந்துப் பெட்டியோடு திரும்பினார். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு டப்பி.

"கம்பெனி மூடறாங்கன்னு கேட்ல நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கு, டிபன் பாக்ஸ் எடுத்துக்கறேன்னு சொல்லி உள்ள போனேன். இதையும் உருவினு வந்துட்டேன். இது இல்லன்னா மெஷினு வெறும் கல்லு. எப்டியும் தேடுவாங்க, கூப்புடுவாங்க, அப்ப கேக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"இன்னா கேக்கலாம்னு?"

"பதினாறு வருஷம் இருந்தோமே, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லி இருக்கக் கூடாதான்னு. வேற ஒண்ணும் இல்ல."

"கூப்பிட்டாங்களாண்ணா?"

"ஒருத்தரும் கூப்புடல. இப்டி ஒண்ணு காணாம போச்சுன்னே யாருக்கும் தெரியல. நீங்கதான் மொத மொத கேக்கறீங்க."

அவர் கேட்க வைத்திருந்த கேள்விக்கு நான் சம்பந்தமே இல்லாதவள். விலை பேசலாம் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"தர்றேன். ஆனா நான் வந்து என் கையால போட்டுத்தான் தருவேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்கினார். காபியைக்கூடத் தொடாமல் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தண்டைத் துடைத்தார். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். சாவியைச் செருகினார். மென்பொருள் திறந்துகொண்டது. அந்த சிடியில் அப்போது அவரே காப்பி எடுத்துவைத்திருந்த பழைய மாடல்களைத் திரையில் ஓடவிட்டு, ஒரு லேடீஸ் சாண்டலைத் தேர்ந்தெடுத்து, அட்டையை வைத்து ஒரு பொத்தானைத் தட்டினார்.

தலை கிளம்பியது. நேர்கோட்டில் சர்ரென்று போய், வளைவு வரும் இடத்தில் வேகம் குறைந்து, முனை வந்ததும் கத்தி மேலே எழும்பித் திசை மாறி மறுபடி இறங்கியது. இத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததற்கு பதில் அதுதான்: வளைவில் அது கத்தியையே திருப்புகிறது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். என் கணவரும் மகளும் வாசலில் நின்று பார்த்தார்கள். சில நிமிடத்தில் ஒரு செட் முடிந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினால் ஒரு பிசிறு இல்லை.

"இது கடேசியா வந்த ஆர்டரு. பாதியில நின்னுபோச்சு" என்றார் அவர்.

நான் என் பென்டிரைவை நீட்டினேன். மென்பொருள் என் கோப்புகளைப் படிக்க மறுத்தது. அவர் இரண்டு மூன்று வழிகளில் முயன்றுவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"இதுக்குத் தனியா ஒரு வெள்ளப் பலகை உண்டும்மா. அதுமேல பேட்டர்ன வெச்சு, ஓரமா புள்ளி புள்ளியா தொட்டுனே போவோம். அப்டித்தான் உள்ள ஏத்தணும். அது எங்க?"

குடோனுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளப் பலகையா? அதுக்குள்ள பூரா செம்புக் கம்பிம்மா, சன்னமா. அப்பவே பிரிச்சுப் போட்டுட்டேன்" என்றார் பாய்.

மீதமிருந்தது ஒரே வழி. ஒவ்வொரு புள்ளியின் அளவையும் எண்ணாகத் தட்டி ஏற்றலாம். சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தோம். கிராஃப் தாளில் என் பேட்டர்னை வைத்து நான் அளவைப் படிக்கப் படிக்க, அவர் தட்டினார். ஒரே ஒரு துண்டு, ஷூவின் முன்பக்கத் துண்டு, முடிவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. இயந்திரம் அதை அழகாக வெட்டித் தந்தது.

"கையில வெட்டினா எத்தினி நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"கா மணி நேரம்ணா."

அவர் முதலில் சிரித்தார். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. கிளம்பும்போது சாவியைக் கழற்றவில்லை. "இருக்கட்டும், எனக்கு இன்னாத்துக்கு" என்றார். காலையில் வெட்டிய சாண்டல் அட்டைகளை மட்டும் கேட்டு, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அந்த மேசைமேல்தான் மடித்து வைக்கப்பட்டது. பிறகு வாணியம்பாடியில் ஸ்வீட் பெட்டி செய்கிற ஒருவர் கேட்டு வந்தார். விற்றுவிட்டேன். எடுத்துப்போகும் முன் சரிபார்ப்பதற்காக அவர் தன்னோடு ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வந்திருந்தார். அந்த மெக்கானிக் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய போர்டை ஒயரோடு உருவி வெளியே வைத்தார். அந்த இடத்தில், இப்போது வரும் லேப்டாப்போடு நேராகப் பேசக்கூடிய, உள்ளங்கை அளவு ஒரு புது போர்டைப் பொருத்தினார்.

"லேப்டாப்ல எதாச்சும் டிசைன் இருந்தா குடுங்க மேடம், டெஸ்ட் பண்ணிக்கறேன்."

என் கோப்பையே கொடுத்தேன். முந்தைய வாரம் நான் கையால் வெட்டி முடித்த அதே மாடல். ஒரு ஒயர், அவ்வளவுதான். தலை கிளம்பிப் போய் என் பேட்டர்னை வெட்டத் தொடங்கியது. கிட்டப் போய்க் குனிந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சின்ன போர்டு எங்கே கிடைக்கும், எந்த ஒயர் எதற்கு, கத்தி திரும்புவதை அது எப்படிக் கணக்கிடுகிறது என்று ஒரு மணி நேரம் அவரை வேலை செய்யவிடாமல் கேட்டேன். முதல் நாளே குடோனில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அவரும் சலிக்காமல் சொன்னார். என் கணவர் வாசலிலிருந்து கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி போன பிறகு கலவை நர்சரிக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப சாவியே வேணாமா அதுக்கு?" என்றார்.

"வேணாமாம்ணா."

குழாயை மடக்கியிருப்பார், தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"சத்தம் அதே மாதிரிதான் இருக்குதா?"

"அதேதாண்ணா. கத்தி எந்திரிக்கும்போது டிக்குன்னு வருமே, அதுவும் வருது."

"அப்ப சரி" என்றார். மாங்கன்று வாங்க ஆள் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார்.