போகிறவருக்குச் சொன்ன "வாங்கோ"

முகாமையாளர் ஐயா, ஒரு சொல் விளங்காமல் ஒரு பிள்ளையின் வேலையில் கை வைத்தவர் நீங்கள்தான்.

போன கிழமை யாழ்ப்பாணத்தில் உங்கள் சூப்பர் மார்க்கற்றுக்குள் போனேன். கதவைத் திறந்ததும் நிலம் துடைக்கிற மருந்தின் எலுமிச்சை மணம் முகத்தில் அடித்தது. பழைய கோபமும் கூடவே வந்தது.

படிப்பு முடித்துச் சும்மா திரிந்த காலத்தில் எனக்குக் கிடைத்தது அங்கே வேவு பார்க்கிற வேலை. சாமான் வாங்குகிறவன் போலப் போய், ஊழியர் சிரிக்கிறார்களா, நன்றி சொல்கிறார்களா என்று பார்த்துக் கொழும்புக்கு அறிவிக்க வேண்டும். நான் யார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. யாழ்ப்பாணத்தில்! இதை யோசித்தவர் இந்தப் பக்கம் ஒரு நாளும் வந்திருக்கமாட்டார்.

முதல் நாளே மீன் வெட்டுகிறவர் பிடித்துவிட்டார்.

"தம்பி, நீர் கோப்பாய்த் தபால்காரற்றை மகன் எல்லோ?"

"ஓம். சவர்க்காரம் வாங்க வந்தனான்."

"கோப்பாயிலை இல்லாத சவர்க்காரமோ? அதையும் எவ்வளவு நேரமா மூக்கிலை வைச்சு மணந்துகொண்டு நிக்கிறீர்."

இன்னொரு கட்டியை எடுத்து மணந்தேன். அவ்வளவுதான் என் துப்பறியும் திறமை.

காசு வாங்கும் மேசையில் ஜெனிற்றா இருந்தாள். குருநகர்ப் பிள்ளை. பயிற்சிக்காலம் முடிகிற நேரம். என் அறிக்கை சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம். பையைத் தூக்கிக்கொண்டு "வாறன்" என்றேன். "ஓம், வாங்கோ" என்று சிரித்தாள். அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து தொலைபேசியில் நீங்கள்.

"வெளிய போறவங்களப் பார்த்து ஏன் வாங்கன்னு சொல்றா? நன்றியும் சொல்லல. கவனமே இல்லாத புள்ள."

"ஐயா, இஞ்சை ஒருத்தரும் 'போறன்' எண்டு சொல்லிப் போறேல்லை. அது திரும்பி வராத ஆக்கள் சொல்லுறது. 'வாறன்' எண்டுதான் வெளிக்கிடுறது. அதுக்கு மறுமொழி 'வாங்கோ'."

"அது நம்ம விதிமுறையில இல்லையே தம்பி."

அவளை நிரந்தரமாக்காமல் இழுத்தடித்தீர்கள். நான் நேரே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேவு பார்ப்பவன் வாயைத் திறந்தால் வேலை போகும். போனது.

"நீங்கள் கொழும்புக்குச் சொல்லுற ஆள் எண்டு எங்களுக்கு அப்பவே தெரியும் அண்ணை," என்றாள்.

"பிறகேன் நன்றி சொல்லேல்லை?"

"'வாறன்' எண்ட ஆளுக்கு வேறை என்னத்தைச் சொல்லுறது?"

பிறகு வந்த கிளைப் பொறுப்பாளர் ஊர்க்காரர்; அவருக்கு விளங்கியது, அவளை நிரந்தரமாக்கினார். இப்போது மற்றக் காசாளர்களுக்கும் ஜெனிற்றாதான் பொறுப்பு. என்னைப் போன்ற வேவுகாரர்கள் இல்லை, கமரா பார்க்கிறது. "வாறன்" சொல்கிறவர்களும் அருகிவிட்டார்கள். காதில் வயரைச் செருகிய சனம் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் போன கிழமை நான் சொன்னபோது, அவள் பழக்கிய புதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்து "வாங்கோ" என்றார்கள்.

ஐயா, நீங்கள் இப்போது இன்னும் பெரிய கதிரையில் இருக்கிறீர்களாம். ஜெனிற்றா அன்று செய்த பிழை என்ன? தொலைபேசியில் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் கடைக்கு வந்து, வரிசையில் நிற்கிற சனத்தின் காதில் விழும்படி சொல்லுங்கள்.