சங்கிலியில்லாத சைக்கிளும் ஒரு புகழுரையும்

சென்ற வாரம் கொழும்பிலிருந்து திரும்பினேன். சொற்போருக்குப் போனவன், சைக்கிள்களோடு வந்திருக்கிறேன் — படங்களாகத்தான்! அயல்நாட்டு நகரங்களில் பழைய சைக்கிள்களைத் தேடிப் படம் எடுப்பது எனக்கு ஒரு பித்து. தருமபுரி நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே!

ஊர் திரும்பும் நாள். மாலையில், கப்பல்துறைக்குப் போகும் ரயில். காமிராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். அப்போதுதான் ஒரு பெட்டிக்கடை வாசலில் கண்டேன் — சங்கிலியே இல்லாத சைக்கிள்! பெடலிலிருந்து பின்சக்கரம் வரை ஓர் இரும்புத் தண்டு. பழைய விளம்பரப் படத்தில் பார்த்ததுண்டு, நேரில் கண்டதில்லை.

கடைக்காரர் முனுசாமி. பேச்சைக் கேட்டதுமே நம் பென்னாகரத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது. "படம் எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தால் போதாதா? மேடை பழகிய நாக்கு விடுமா...

"இத்தீவில் இதற்கு நிகரான வாகனம் எது? சைக்கிள் குலமெல்லாம் சங்கிலியில் கட்டுண்டு கிடக்க, விடுதலை பெற்றுத் திரியும் வீரன் இதுவன்றோ!" என்று முழங்கினேன்.

முனுசாமியின் முகம் வெளிறியது. ஒரு சாக்கை எடுத்துச் சைக்கிளை மூடிவிட்டார்.

"போதுமுங்க தம்பி! எங்கூர்ல ஒருத்தன் எங்க செவலைக் காளைய இப்பிடித்தான் புகழ்ந்தான். மறுநாளே அது கால ஒடிச்சிக்கிச்சு. படமும் வேணாம், ஒண்ணும் வேணாமுங்க. கண்ணு பட்டுடும்!"

கைதட்டல் வாங்கித் தந்த கலையே என் படத்துக்கு வேட்டு வைத்துவிட்டது. ரயிலுக்கோ நேரமாகிறது. ஆனால், ஒட்டிப் பேசியவனுக்கு வெட்டிப் பேசத் தெரியாதா?

"உண்மையைச் சொல்கிறேன் ஐயா. இது சைக்கிளே அன்று, துருப்பிடித்த துன்பம். இதில் ஏறியவன், நடந்து போகிறவனுக்குப் பின்னால்தான் வீடு சேர்வான். இனாமாகக் கொடுத்தாலும் திருடன் தொடமாட்டான்!"

அவர் முகம் மலர்ந்தது. "ஆங்... அப்பிடிச் சொல்லுங்க! இன்னம் கொஞ்சம் திட்டுங்க தம்பி!"

திட்டினேன். சாக்கு இறங்கியது. படமும் எடுத்தேன்!

அந்த வெற்றிக் களிப்பில் நான் திரும்புவதற்குள், கடைக்குள்ளிருந்து அவர் மனைவி காவேரி வந்துவிட்டார்.

"கேட்டீங்களா? நான் சொன்னா, பொம்பளைக்கு என்னா தெரியும்னீங்க. படிச்ச தம்பியே சொல்லிட்டாரு. நாளைக்கே இத வித்துப்புட்டுப் புதுசு வாங்குங்க!"

"அடியே, கண்ணு கழியறதுக்குச் சும்மா திட்டுனாருடி!"

"சும்மாவா? அத்தன அழுத்தந்திருத்தமாச் சொன்னாரு!"

முனுசாமி பரிதாபமாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களே அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க!"

புகழ்ந்தால் கண்படும், இகழ்ந்தால் விலைபோகும். காமிராவை மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலடிக்கு ஓட்டம் பிடித்தேன்.

இரு தரப்பையும் வென்றுவிட்ட பேச்சாளன் செய்யத்தக்கது ஒன்றே, வாசகர்களே — மேடையை விட்டுக் குதித்துவிடுவது!