பூகம்பம் வீட்டுத் தட்டுகள்

எங்கள் கட்டடத்தில் என் அத்தானுக்குப் பூகம்பம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் "சொல்லுங்க" என்பார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அந்தப் பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பூனை நடந்தாலாவது சத்தம் கேட்கும். அவர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரியும். வரிசையில் யாராவது அவர் காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்பதும் அவர்தான். நான் அந்த ரகம் இல்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று ஊரார் இருமலைக் கேட்கிறவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும்.

பெயருக்குக் காரணம் அவர் கேட்கும் பாட்டு. அவர்கள் வீடு என் வீட்டுக்கு நேர் மேலே. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குளித்து, கையைத் துடைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார் என்றால், என் சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். ஹெவி மெட்டல் என்பார், ஹார்ட்கோர் என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் வாயைக் கொடுத்துவிட்டேன். சாப்பாடு ஆறி, திரும்பச் சூடு பண்ணி, அதுவும் ஆறும்வரை விளக்கினார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒன்றில் கத்துகிறவனுக்குத் தலைமுடி நீளம், மற்றதில் மொட்டை.

அதையும் சும்மா கேட்க மாட்டார். இசைத்தட்டில்தான் கேட்பார். அதிலும் கொஞ்சம் தட்டுகளை மட்டும் அச்சடித்துவிட்டு, இனி இல்லை என்று கையை விரித்துவிடுவார்களே, அந்த மாதிரித் தட்டுதான் வேண்டும். 'லிமிடெட் எடிஷன்' என்று சொல்லும்போது அவர் குரல் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போலத் தாழ்ந்துவிடும். உறையில் இது எத்தனையாவது தட்டு என்று கையாலேயே எண் எழுதியிருப்பார்கள். அட்டையில் மண்டையோடு இருக்கும், இல்லையென்றால் ஏதாவது எரிந்துகொண்டிருக்கும். குழுவின் பெயரை எழுதியிருக்கும் லட்சணமோ, முள்செடியை வேரோடு பிடுங்கிப் போட்டது மாதிரி. எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. தட்டுகளில் கறுப்பு குறைவு. புகை நிறம், துரு நிறம், வெள்ளையில் சிவப்புத் தெறித்தது என்று வகைவகையாக வைத்திருந்தார். ஒரே பாட்டை மூன்று நிறத்தில் வாங்கியிருக்கிறீர்களே, மூன்றும் ஒரே சத்தம்தானே என்று கேட்டால், ஆமாம், ஒரே சத்தம்தான் என்று ஒப்புக்கொள்வார். அட்டையின் ஓரம் மடங்கிவிடக் கூடாது என்று வாசலிலேயே காத்திருந்து தபால்காரரிடம் இரண்டு கையாலும் பார்சலை வாங்குவார்.

அக்கா ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பகலெல்லாம் பிரேக், பிரேக் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் இன்னொருவன் கத்துவதைக் கேட்கப் பொறுமை ஏது? சண்டை பெரும்பாலும் தட்டு என்ற சொல்லிலேயே தொடங்கும். அத்தான் ஒவ்வொரு தட்டையும் போடுவதற்கு முன் மெல்லிய பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றிக் கழுவி, நிற்க வைத்து உலர்த்துவார். பாட்டுத் தட்டுக்குத் தினமும் குளியல், சாப்பிட்ட தட்டுக்கு நாதி இல்லை என்பாள் அக்கா. அவர் எழுந்து போய் அதையும் கழுவி வைத்துவிடுவார். சண்டை போட ஆள் இல்லாமல் அக்கா என்னிடம் வந்து மிச்சத்தைப் போடுவாள்.

அவருடைய வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கம்பெனியில் முதலில் இவரைத்தான் அனுப்புவார்கள். கைவேலையில் இவரைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் உள்ளே இருப்பவர் போடும் கூச்சலில் என்ன சொல்கிறார் என்று மூடிய கதவுக்கு வெளியே நின்று பிரித்துக் கேட்க இவரால் முடியும். விளக்கு அணைந்துவிட்டதா, மூச்சு முட்டுகிறதா, வெறும் பயமா என்று புரிந்துகொண்டு அதற்கேற்றபடி பேச்சுக் கொடுப்பார். கதவு திறப்பதற்குள் உள்ளே இருப்பவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருப்பார். இந்தக் கத்தல் பாட்டில் அப்படி என்ன அத்தான் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன்.

"கத்தறவன் ஒவ்வொருத்தனும் ஏதோ சொல்றான்மா. நாமதான் சத்தத்துக்குப் பயந்து கேக்கறதில்ல. காது குடுத்தா வார்த்தை தானா வரும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பாட்டெல்லாம் பிடித்துப்போனது என்றால் பொய். அத்தானை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

போன வருடம் தட்டுகள் மங்க ஆரம்பித்தன. அப்படித்தான் அவர் சொன்னார். தாளம் எங்கோ தூரத்தில் கேட்கிறது, கத்துகிறவன் வாயில் யாரோ துணியை அடைத்துவிட்டார்கள் என்றார். ஊசி தேய்ந்திருக்கும் என்று புது ஊசி போட்டார். சரியாகவில்லை. ஊசியைத் தாங்கும் கைக்கு எடையைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். ஒயர்களை மாற்றினார். கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினார். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார், அக்கா போகும்போதும் வரும்போதும் அவற்றில் இடித்துக்கொண்டாள். இது தட்டு சேர்க்கிறவர்களுக்கே உள்ள புத்தி போலிருக்கிறது. பாட்டில் குறை என்றால் முதலில் ஊசி மேல் பழி, அப்புறம் ஒயர் மேல், அப்புறம் மின்சாரத்தின் மேல், கடைசியில் அச்சடித்தவன் மேல். தன் காதைச் சந்தேகிக்க மட்டும் அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் அத்தானுக்கு நன்றாகவே ஆடத் தெரியும், அதனால்தான் கூடம் கோணல் என்று அவ்வளவு உறுதியாக நம்பினார். இதற்கிடையில் சத்தம் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது. நான் டம்ளர்களை இடம் மாற்றி வைத்தேன்.

அப்புறம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே ஒரு பெண். அத்தான் வழக்கம்போலக் கதவில் காதை வைத்தார். ஏதோ முனகல் கேட்டதாம், வார்த்தை வரவில்லையாம். கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற காவலாளி இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தெளிவாகத்தானே சொல்கிறார்கள், மூச்சுக்கு இழுக்கும் மருந்தை மேஜையிலேயே விட்டுவிட்டார்களாம் என்றாராம். கதவைத் திறந்து அந்தப் பெண்ணைப் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். அத்தான் வீட்டுக்கு வந்து, புதிதாக வாங்கியிருந்த இன்னொரு ஊசியைப் பிரிக்காமலே இழுப்பறையில் போட்டு மூடினார்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் போய்விட்டன, போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இயந்திர அறைகளும் பாட்டும் சேர்ந்து செய்த வேலை. காது மெஷின் வாங்கினார். பேச்சுக்கு உதவியது. பாட்டுப் போட்டால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது என்றார். கம்பெனியில் அவரை உதிரி பாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு பழமொழி உண்டே, சங்கு வருமே, அதை எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை.

மேலே சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நாசமாய்ப் போக என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நின்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அக்கா கீழே வந்து என் அடுப்படியில் சாய்ந்து நின்றாள்.

"முன்னாடியும் அந்த மனுஷன் பேச மாட்டாரு. ஆனா இருப்பாரு. இப்ப இல்லவே இல்லடி" என்றாள்.

தட்டுகளை விற்றுவிடப் போகிறேன் என்று அத்தான் சொன்னது அதற்குப் பிறகுதான். கேட்க முடியாதவன் வீட்டில் இதெல்லாம் எதற்கு, கேட்கிறவன் வீட்டுக்குப் போகட்டும் என்று நியாயம் பேசினார். இதையெல்லாம் எப்போது ஒழிக்கப் போகிறீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவந்த அக்கா, இப்போது எந்த வாயால் வேண்டாம் என்பாள்? அலமாரி காலியானால் அவரும் அதோடு போய்விடுவார் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். மழித்த தலை, கழுத்து வரை பச்சை குத்தல், ஆனால் குரல் நம் அத்தானுக்குத் தம்பி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அக்காவுக்குத் துணையாக நானும் மேலே போயிருந்தேன். அலமாரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எதையும் தொடாமல், ஒவ்வொரு அட்டையின் முதுகையும் படித்தார். கடைசியில் ஒரு சின்னத் தட்டில் அவர் கண் நின்றது. ஒரே ஒரு தட்டை வெளியிட்டுவிட்டுப் பிரிந்துபோன குழுவாம். கண்ணாடி போலத் தெளிவான தட்டு, உள்ளே புகை சுருண்டது போல ஒரு கோடு. அத்தான் உயிரை வைத்திருந்தது அதன் மேல்தான். எடுப்பதற்கு முன் ஒரு தடவை கேட்கலாமா என்று பல் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இவர்கள் வட்டாரத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. விருந்தாளி அடுத்தவர் வீட்டு ஊசியைத் தொடக்கூடாது, வீட்டுக்காரர்தான் போட வேண்டும். அத்தான் அசையவில்லை. தனக்குக் கேட்காததைத் தன் கையாலேயே போட்டுக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்தாள், கையை உடையில் துடைத்தாள், தட்டை எடுத்து வைத்தாள், புதிதாகக் கற்கிறவனுக்குக் கிளட்சை விடக் காட்டித் தருகிற அதே நிதானத்தோடு ஊசியை இறக்கினாள். அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பெரிய தட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும், இந்தச் சின்னத் தட்டு வேகமாகச் சுற்ற வேண்டும். அதற்கு ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. திருகு மெதுவில் நின்றிருந்தது.

தூக்கம் கலையாத எருமை கொட்டாவி விடுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. பல் டாக்டருக்குப் பேயறைந்த முகம். ஸ்பீடு தப்பு என்று சொல்ல வாயெடுத்து எழுந்தார். அத்தான் கையை நீட்டி அவரை நிறுத்தினார். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நகர்ந்து போய் ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிட்டார்.

வேகம் குறைந்தால் கீச்சொலியும் தடித்த குரலாகக் கீழே இறங்குமாம். அப்புறம் பல் டாக்டர்தான் எனக்கு விளக்கினார். அத்தனை நாளாக எட்டாத மாடியில் நின்றுபோயிருந்ததெல்லாம் அத்தான் நிற்கும் மாடிக்கு இறங்கி வந்திருந்தது.

"வார்த்தை வருது" என்றார் அத்தான், யாரிடம் என்றில்லாமல். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறியது. "சிரிக்கறான்."

யார் என்றாள் அக்கா.

"பாடறவன். ரெண்டு கத்தலுக்கு நடுவுல சிரிக்கறான். திரும்பப் போடு."

அக்கா திரும்பப் போட்டாள். பல் டாக்டரும் மண்டியிட்டுக் காதைக் கொடுத்தார். நானும்தான். சரியான வேகத்தில் அந்தச் சிரிப்பு கத்தலோடு ஒட்டிக்கொண்டு கண் சிமிட்டுவதற்குள் போய்விடுமாம். மெதுவாகச் சுற்றியபோது நன்றாகவே கேட்டது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவனுக்கு நடுவில் என்னவோ தோன்றி, அடக்க முடியாமல் சிரித்திருக்கிறான். யாராவது எதிரில் நின்று முகத்தைக் கோணிக் காட்டியிருப்பார்கள். இந்தப் பாட்டைக் கேட்காத வாரமே தனக்கு இல்லை, இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தானுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

பல் டாக்டர் செருப்பை மாட்டியபோது, தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லையா என்று நான் கேட்டேன். மனுஷன் இப்போதுதான் கேட்கவே ஆரம்பித்திருக்கிறார், எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய பல்லெல்லாம் நூறு வருஷம் உறுதியாக இருக்கட்டும்.

அக்கா இன்னும் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். செய்யக் கூடாததைச் செய்துவிட்ட பயம் அவளுக்கு.

"என்னங்க, தப்பாப் போட்டுட்டேனா?"

"தப்பாத்தான் போட்ட" என்றார் அத்தான். "இனிமே எல்லாத்தையும் நீயே போடு."

அக்கா அழுதுகொண்டே அலமாரிப் பக்கம் போய்க் கைக்கு வந்த ஒன்றை உருவினாள்.