முப்பத்தேழு புள்ளி ஆறு

என்னுடைய சவர்க்காரப் பெட்டிக்குள் ஒரு சின்னத் திரை இருக்கிறது. தீப்பெட்டியை விடச் சிறியது, நான்கு கால்கள் உள்ளது. இடம் மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போகிறேன். மின்சாரம் கொடுத்துத் திரை முழுவதையும் ஒளிரவிட்டால், நெடுநாள் ஓர் இலக்கம் நின்ற இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். முப்பத்தேழு.

அதை நான் பொருத்தியது உடுப்பிட்டியில், ஓர் அக்காவின் வீட்டில். சொந்த அக்கா இல்லை; அவருடைய பின்வளவு அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் போயிருந்தது. அதன் பிறகு வவுனியாவில் கூரைத் தகரம் அடித்தேன், கொழும்பில் போன் திருத்தும் கடையில் இருந்தேன், கொழும்புத்துறையில் வலை இழுத்தேன். அக்கா தையல் தொழிற்சாலையில் குனிந்திருந்து இடுப்பு, நாரி விட்டுப் போய் வீட்டோடு நின்றவர். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் மின்விளக்கு வைத்து ஊர்க்கோழி முட்டைகளைப் பொரிக்க வைப்பார். முட்டைகள் அயல் வீடுகளுடையவை. எந்த வீட்டு முட்டை என்று தெரிய ஓட்டில் பென்சிலால் குறி இருக்கும்: ஒரு வீட்டுக்குப் பெருக்கல் குறி போலப் புள்ளடி, ஒரு வீட்டுக்கு வட்டம். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அவர் அந்தப் பெட்டியை விட்டு அசைய முடியாது. சூட்டைப் பார்த்து விளக்கைப் போடவும் அணைக்கவும் ஆள் வேண்டும்.

அதை என்னிடமிருந்த சீட்டுக்கட்டளவு கணினிப் பலகை பார்த்துக்கொள்ளும் என்றேன். சூடு எவ்வளவு என்று திரையில் காட்டும் என்றும் சொன்னேன். சில திரைகளில் முதற்கால் நேர்மின், சிலவற்றில் எதிர்மின். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். போனில் பார்த்த வீடியோவில் உள்ளபடி கொழுவினேன். முதல் திரை புகைந்தது. குசினிக்குள்ளிருந்து அக்கா கேட்டார்: “என்ன தம்பி, முட்டையை அவிச்சுப்போட்டியோ?” இரண்டாவது திரை ஒளிர்ந்தது. இருட்டுக்குள் நீல இலக்கம். அக்கா அன்றைக்கு அதைப் பத்துத் தரமாவது வந்து பார்த்திருப்பார். பல தரம் குஞ்சுகள் நன்றாகப் பொரித்தன. அயலவர்கள் கூடுதலாக முட்டை தரத் தொடங்கினார்கள்.

அக்காவிடம் ஒரு பழக்கம். முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்துச் சூடு பார்ப்பார். திரை வந்த பிறகும் அதை விடவில்லை. ஒரு தரம் அறுபது முட்டை வைத்திருந்தோம். பதினேழாம் நாட்காலை. இமையில் வைத்த முட்டையை எடுக்காமலே சொன்னார்:

“தம்பி, இது குளிர்ந்தமாதிரிக் கிடக்கு.”

“முப்பத்தேழு புள்ளி ஆறு எண்டு காட்டுது அக்கா. உங்கடை கண்தான் சூடாக் காயுது போல.”

“அப்ப சரி” என்று முட்டையை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் திரும்பவும் இமையில் வைத்தார். பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. அப்போதும் திரையில் அதே முப்பத்தேழு புள்ளி ஆறு. மூடி திறந்தால் இலக்கம் இறங்க வேண்டும். கையை உள்ளே விட்டேன். வெளியில் இருந்த சூடுதான் உள்ளேயும் இருந்தது. விளக்கு அணையும்போது, பலகைக்கு வேலை சொல்லும் நிரல் நின்றுபோயிருக்கிறது. பிறகு விளக்கு எரியவேயில்லை. சூடு போதுமானால் விளக்கு அணைந்திருப்பது வழக்கம் என்பதால் நாங்களும் சந்தேகப்படவில்லை. ஆனால் திரைக்கு ஒன்றும் தெரியாது. மின்சாரம் இருக்கும்வரை, கடைசியாக எழுதியதைக் காட்டிக்கொண்டே நிற்கும். அது அப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

விளக்கைத் திரும்ப எரியவைத்தும் ஐந்து குஞ்சுதான் பொரித்தது. மிச்சத்தைக் குறி பார்த்துப் பிரித்துச் சருவச்சட்டியில் வைத்துக்கொண்டு அக்கா வீடு வீடாகப் போனார். நானும் வாறன் என்றேன், வேண்டாம் என்றார். வட்டக்குறி வீட்டு மாமி பிறகு வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “கோழி படிக்காமலே பொரிக்குது. உந்த அக்கா என்னடா எண்டால் தான் கவனிக்கேல்லையாம், உன்னிலை பிழையில்லையாம்.”

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையைக் காட்டிச் சொன்னார்: “இது பொய் சொல்லேல்லைத் தம்பி. கடைசியாத் தெரிஞ்சதைச் சொல்லிக்கொண்டு நிண்டது. எனக்குத்தான் கண்ணிலை தெரிஞ்சது.”

அது என்னை மன்னித்ததா, குத்தியதா? இன்றைக்கும் பிடிபடவில்லை. தன் இமையில் பட்டதை விட்டு, படிப்பை முடிக்காத என் சொல்லை ஏன் நம்பினார் என்பதும் விளங்கவில்லை. நானும் ஏன் முட்டையைத் தொடாமல் இலக்கத்தை வாசித்தேன்?

இலக்கம் பதிந்துபோன அந்தத் திரையைக் கழற்றி வைத்துக்கொண்டு வேறொரு திரை பூட்டினேன். அதன் மூலையில், நிரல் ஓடும்வரை விநாடிக்கு ஒரு தரம் மின்னும் புள்ளி. புள்ளி நின்றால் இலக்கத்தை நம்பவேண்டாம் என்றேன். அக்கா தலையாட்டிவிட்டு முட்டையைக் கண்ணில் வைத்தார். அந்த மாதமே அங்கிருந்து புறப்பட்டுவிட்டேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

போன கிழமை இந்தப் பழைய திரையைக் கொழுவி, முழுவதும் ஒளிரவிட்டேன். நடுவில் மங்கலாக முப்பத்தேழு. கண்ணை மூடி இமையில் வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. திரையின் சூடா, என் கண்ணின் சூடா என்று தெரியவில்லை. கேட்க அக்காவும் பக்கத்தில் இல்லை.