கழுவிவிட்டு வந்த கால்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். இயேசு சீடர்களுக்குச் செய்த அதே சேவைதான். என்ன, எங்கள் சீடர்கள் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் கல்லால் தேய்த்து, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டு வந்து உட்காருவார்கள். ஃபாதருக்கு வேலை வைக்கக் கூடாது என்ற பெரிய மனசு.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர் சபைத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. பெண்களையும் சேர்க்கலாம் என்று ரோமிலிருந்து உத்தரவு வந்த பிறகும் அவர் கண்ணுக்கு ஒரு பெண்ணும் தென்படவில்லை. நான் தென்பட வழியே இல்லை. என் மகள் சைவப் பையனை விரும்பி, முருகன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தவளைத் தலைவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"அந்தக் கோயிலுக்கே போயிருங்க. இங்க எதுக்கு வர்றீங்க?"

மகள் அழுதுகொண்டே திரும்பினாள். அன்றோடு நானும் நின்றுவிட்டேன். இரண்டு வருடம். கடவுளும் ஆளனுப்பிக் கூப்பிடவில்லை. தலைவரைக் கேட்காமல் அவராலும் எதுவும் செய்ய முடியாது போலிருக்கிறது. வீம்பாகத்தான் இருந்தேன். ஆனால் ஞாயிறு மணி அடிக்கும்போதெல்லாம், மகளும் நானும் ஒன்றாக அங்கே முழந்தாளிட மாட்டோமா என்றிருக்கும்.

இந்த வருடம் பெரிய வியாழனன்று நல்ல மழை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கோயில் வழியாக இறங்கி வந்தேன். புதிதாக வந்த ஃபாதர் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது சீடர் ஹட்டன் பஸ்ஸில் எங்கேயோ மாட்டிக்கொண்டாராம்.

"அம்மா, கொஞ்சம் வந்து உக்காருங்க."

"ஐயோ ஃபாதர், காலப் பாருங்க. ஒரே சேறு. அட்டை வேற கடிச்சிருக்கு."

"அதுக்குத்தானேம்மா தண்ணி வச்சிருக்கேன்."

கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். காலியாக இருந்த கதிரை தலைவருக்குப் பக்கத்தில். அவர் கால் பச்சைப் பிள்ளையின் கன்னம்போல மினுங்கியது. என் காலில் வெடிப்பு, மண், அட்டை கடித்த இடத்தில் நிற்காமல் கசியும் ரத்தம். ஃபாதர் குதிகாலைப் பிடித்து விரலிடுக்கு வரைக்கும் தேய்த்தார். தண்ணீர் கறுத்துப்போனது. எனக்குத் தெரிந்து அந்தச் சடங்கில் தண்ணீர் அழுக்கானது அன்றைக்குத்தான்.

என் காலை அப்படி யாரும் தொட்டதில்லை. அழுதுவிட்டேன். அந்த அழுகையிலேயே கேட்டும் விட்டேன்.

"ஃபாதர், எம் மக வரலாமா? மருமகனும்?"

"யாரு வேணாம்னு சொன்னா?"

மற்றப் பத்துப் பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசைக்கு மூவரும் போனோம். மகள் என்னோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் இடமில்லை. நெற்றியில் திருநீற்றோடு மருமகன் ஓரமாக நின்றார். தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. ஒரு சாண் நகர்ந்து, பெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அல்லேலூயா தொடங்கியது. மகள் புத்தகம் பார்க்காமலே பாடினாள். வார்த்தை தெரியாமல் விழித்த மருமகனிடம் தலைவர் பாட்டுப் புத்தகத்தை நீட்டி, விரல் வைத்து வரி வரியாகக் காட்டினார். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நடைபாதை மட்டும்தான், எட்டிப் பார்த்தேன். அவர் காட்டிக்கொண்டிருந்தது உயிர்ப்புக்கு முந்தின தவக்காலத்துத் துக்கப் பாட்டு.

காட்டிக்கொடுக்காமல் நானும் அல்லேலூயாவைச் சத்தமாகப் பாடினேன்.