பதினொரு குழாய்களும் ஒரு கையும்

முப்பத்தேழு வருடங்கள் நுணுக்குக்காட்டியின் முன்னால் இருந்து வெண்குழியங்களை எண்ணினேன். குருதிப் புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் சனங்கள் ஏதோ பெரிதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது எண்ணுவதுதான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பாண் துண்டுகளை எண்ணுகிறேன், பள்ளிவாசலில் கழற்றிய செருப்புகளை எண்ணுகிறேன். செருப்பு ஒற்றைப்படையில் வந்தால் அன்று எனக்கு நித்திரை இல்லை.

ஓய்வுக்கு முந்திய வருடம், நோயாளிகளோடு ஒப்பிடுவதற்கு நோயற்ற நாற்பது பேரின் குருதி தேவைப்பட்டது. மாம்புரிக்கு அருகே என் சொந்தக் கரைக்கே போனேன். கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் நாற்பது பெயர்களை எழுதித் தந்தார். ஊசியைக் கண்டால் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள் என்று, மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, அதில் ஓட்டை போட்டதும் அவரே. நான் பெயரைக் கூப்பிடுவேன். ஓட்டையால் ஒரு கை வரும், ஊசி போகும் இடத்தை மட்டும் பார்ப்பேன். நாற்பது தடவை வந்தது. இரண்டு முறை எண்ணித் திருப்திப்பட்டேன்.

கொழும்பில் பார்த்தால், பதினொரு குழாய்களில் ஒரே கோளாறு. வெண்குழியங்கள் அளவுக்கு மீறியிருந்தன, முதிராதவையும் கலந்திருந்தன. இந்த வகைப் புற்றுநோயில் இரண்டு நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்ளும். பதினொன்றிலும் அந்த இடமாற்றம் இருந்தது. தொற்றாத நோய், ஒரே கரையில் பதினொரு பேருக்கு! கிணறா, உப்பா, கருவாடா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் முதலில் யோசித்தது கட்டுரைக்கு வைக்கும் தலைப்பை. அந்தப் பதினொரு பேரை நினைத்தது அதற்குப் பிறகுதான்.

பத்தாம் நாள் கரைக்கு ஓடினேன். வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலைப் பார்த்துப் பதினொரு பேரையும் கூப்பிட்டு, கைகளை நீட்டச் சொன்னேன். பத்துப் பேரின் கைகளில் ஊசி பட்ட அடையாளமே இல்லை. பதினோராவது ஆளின் இரண்டு கைகளிலும் மஞ்சளாகத் தேய்ந்த புள்ளிகள். எண்ணினேன். பதினொன்று.

"இது என்ன வேலை, சம்மாட்டியார்?"

"ஏன் சேர்? வலைக்கு ஒருத்தன் வராட்டி இன்னொருத்தன் அவன்ட எடத்துல இழுப்பான். ஆள் கொறையாது. நாப்பது கேட்டீங்க, நாப்பது தந்தம். கொறஞ்சா சொல்லுங்க."

"ரத்தம் என்ன கயிறா?"

புள்ளிக் கைக்காரன் சிரித்தான். அவனுக்கு நாற்பது வயதிருக்கும். "இவனுகள் ஊசிக்குப் பயம், சேர். எனக்கு ரத்தம் கூட. இப்ப கொஞ்ச நாளா இடது பக்கம் வவுறு கனக்குது. அதுவும் ரத்தம் கூடித்தான் எண்டு நெனச்சேன்."

அவன் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன். மண்ணீரல் கல்லுப் போல வீங்கியிருந்தது.

பதினொரு பேருக்கு அல்ல, ஒருவனுக்குத்தான் வருத்தம் என்று சொன்னேன். பத்துப் பேரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்தார்கள். பிறகு அந்த ஒருவனைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. கயிற்றைப் பிடிக்க ஆளில்லாமல் வலை அலையில் கிடந்தது.

"மருந்து இருக்கா, சேர்?" என்றார் சம்மாட்டியார்.

"ஓம். ஒவ்வொரு நாளும் குளிசை. ஒரு நாளும் விடக் கூடாது."

"எத்தின நாளைக்கு?"

"உயிரோட இருக்கிற வரைக்கும்."

பத்துப் பேரும் தங்களுக்குள் கதைத்தார்கள். ஒருவன் முன்னால் வந்தான். "சேர், எங்கட பேர்ல அவன் ஊசி குத்திக்கிட்டான். அந்தக் குளிசைய நாங்க மாறி மாறிக் குடிச்சாச் சரிவராதா? கிழமையில ஒரு நாள் அவன் குடிச்சாப் போதும்."

அவன் பகிடி விடவில்லை. சரிவராது என்று புரியவைக்க எனக்கு அரை மணித்தியாலம் போனது. ஆராய்ச்சியில் எவருக்கும் நான் இவ்வளவு கவனமாக விளக்கியதில்லை. கட்டுரை எழுதவில்லை, பதினொன்று ஒன்றாகிவிட்டதே.

இப்போது நான் அந்தக் கரையிலேயே இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனுடைய குருதியை எடுத்து அனுப்புகிறேன். துணியும் இல்லை, ஓட்டையும் இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் ஊசி போடுகிறேன். அவனுடைய வெண்குழிய எண்ணிக்கை இப்போது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கை நீட்டுவது அவன் மட்டும்தான், ஆனாலும் மற்றப் பத்துப் பேரும் கூடவே வந்து என் கதிரைகளை நிரப்பிவிடுகிறார்கள். ஊசியை எடுத்தவுடன் பத்துத் தலைகளும் சுவர்ப்பக்கம் திரும்பும்.

போன கிழமையும் வந்தார்கள். வாசலில் செருப்புகளை எண்ணினேன். இருபத்திரண்டு.