தராசு வேண்டாத கை

சௌந்திரம் பெட்டியை ஒரு கையால் ஒரு சாண் உயரம் தூக்கினாள். இரண்டு மூச்சு நேரம் அப்படியே பிடித்திருந்தாள். கீழே வைத்துவிட்டு, "இருவத்தி நாலரை. புளியில ஒண்ணர கிலோ வெளிய எடு சாமி" என்று மகளிடம் சொன்னாள்.

விமானத்தில் ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் விடுவார்கள். சௌந்திரத்தின் வீட்டில் எட்டுப் பெட்டிகள் வாயைத் திறந்து கிடந்தன. ஆளுக்கு இரண்டு. நாலு பேரும் ஜமைக்காவுக்குப் போகிறார்கள்.

நான் வெறுங்கையோடு போகிறவன் இல்லை. கொக்கியில் மாட்டி எடை பார்க்கிற டிஜிட்டல் தராசு ஒன்றைச் சேலத்தில் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதே பெட்டியை மாட்டித் தூக்கினேன். இருபத்து நாலு புள்ளி ஆறு.

"நூறு கிராம் தப்பு அம்மிணி."

"எங்கையில தப்பில்லீங்க மாமா. உங்க தராசு கொக்கியையும் சேத்துப் போட்டிருக்கும்."

சிரிக்காமல்தான் சொன்னாள். அவள் சிரித்துப் பேசி நான் பார்த்தது குறைவு. உட்கார்ந்து பேசியும் பார்த்ததில்லை. நிலைப்படியில் சாய்ந்து, ஒரு கால்மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு கொக்குபோல் நிற்பாள். சாப்பிடுவதும் அப்படித்தான், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு. கேட்டால், "உக்காந்தா எந்திரிக்கோணுமில்லீங்க" என்பாள்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவள் வீடு. வேலை திருச்செங்கோட்டில், பருத்தி ஏலம் விடுகிற கிடங்கில். பதினைந்து வருடமாக மூட்டை தைத்தாள். குடியானவர் கொண்டுவந்து இறக்குகிற பருத்தியை இவள் காலால் நகர்த்தி, கையால் அசைத்து, கோணியின் வாயைத் தைப்பதற்குள் எடை சொல்லிவிடுவாள். தராசுக்காரர் அப்புறம் போட்டுப் பார்ப்பார். அவர் சீட்டில் எழுதுவதற்கு முன் இவள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார் என்று கிடங்கில் பேச்சு. பாஸ்போர்ட் எடுக்கச் சேலம் போனபோது, தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டிருக்கிறார்கள். "அப்பிடிப் போடாதீங்க, நான் மூட்ட தைக்கறனுங்க" என்று அங்கேயே நின்று மாற்றச் சொன்னவள்.

இவள் புருஷன் மயில்சாமி என்னிடம் டிரில்லர். போர்வெல் வண்டியில் லீவரைப் பிடிக்கிறவன். டிரில்லர் என்று நூறு பேர் இருப்பார்கள், மயில்சாமி ஒருத்தன்தான். கீழே எண்ணூறு அடியில் ஹேமர் இடிக்கிற சத்தத்தை வைத்து, பாறையா, மண்ணா, பொந்தா என்று மேலே நின்று சொல்லுவான். அவனை நான்தான் ஆளாக்கினேன். என்னை யாரும் ஆளாக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதினாலு வயதில் போர்வெல் வண்டிக்கு ராடு தூக்கப் போனவன் நான். இன்று என் பெயர் எழுதிய வண்டிகள் ஏழு ஓடுகின்றன. மூன்று இங்கே, நாலு கடலுக்கு அப்பால். தமிழை லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்தே பழகிக்கொண்டேன். இதை நானே என் கையால் எழுதுகிறேன், யாரையும் வைத்து எழுதவில்லை.

ஜமைக்காவில் தண்ணீர்க் கம்பெனி வைத்திருக்கிற ஒருவரோடு பங்கு சேர்ந்து ஒரு வண்டியை அங்கே அனுப்பினேன். அந்த ஊர்ப் பூமி சுண்ணாம்புக் கல். மேலே பார்த்தால் கல். உள்ளே பொந்து பொந்தாக இருக்கும். தெரியாத ஆள் லீவரைப் பிடித்தால் ஹேமர் பொந்துக்குள் விழும், ராடு கோணிக்கொள்ளும், கிணறும் போச்சு, சாமானும் போச்சு. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இதற்கு மயில்சாமி தவிர ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது. நாலு வருட ஒப்பந்தம்.

போன ஆடியில் நானே அவன் வீட்டுக்குப் போனேன். மயில்சாமி அப்போதுதான் கென்யாவிலிருந்து லீவில் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தான். நிலைப்படியிலிருந்து பதில் வந்தது.

"போறதுன்னா நாலு பேரும் போறமுங்க. இல்லீனா அவியளும் போவலீங்க."

நான் சிரித்தேன். புரோக்கர்களை, வங்கி மேனேஜர்களை, ஆப்பிரிக்காவில் இடுப்பில் துப்பாக்கி செருகியிருந்த ஒரு அதிகாரியைக்கூடப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தவன் நான். பேச்சில் என்னை ஜெயித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் வீட்டுக்காரி. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்னொருத்தி இந்தச் சௌந்திரம். இவள் பேசாமலே ஜெயித்தாள். சம்பளம் ஏற்றித் தருகிறேன் என்றேன். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வருடத்துக்கு இரண்டு தடவை லீவு என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

"அப்பிடி என்ன அம்மிணி அவசரம்? இத்தன வருசம் இருந்தவதானே?"

அப்போது சொன்னாள். "கண்ணாலமாகிப் பதினேழு வருசமுங்க. அவிய இந்த ஊட்டுல இருந்தது முப்பத்தோரு மாசம். நான் எண்ணி வெச்சிருக்கறனுங்க. இதுக்குள்ள மூணு நாய் மாறிப்போச்சு. மூணும் அவியளப் பாத்துக் கொலைச்சுது." என் காலடியைக் காட்டினாள். "இதும் நேத்துலருந்து கொலைக்குது. ஆனா உங்களப் பாத்து வாலாட்டுதுங்க மாமா. மாசாமாசம் சம்பளம் குடுக்க வாரீங்கல்ல."

நாய் அங்கேதான் படுத்திருந்தது. மயில்சாமி தலையை நிமிர்த்தவே இல்லை.

இருந்தாலும் நான் விடவில்லை. குடும்பத்தோடு என்றால் வீடு பார்க்க வேண்டும், பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும், நாலு பேர் காகிதத்துக்கு அலைய வேண்டும். ஒரு வழி தோன்றியது. எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் சாமியிடம் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே ஒரே மாதிரி தெரிய இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும்.

"உங்க குலசாமிகிட்டயே கேட்டுப்போடலாம். வெள்ள வந்தா நாலு பேர். செகப்பு வந்தா மயில்சாமி மட்டும். சம்மதமா?" என்றேன்.

மயில்சாமி உடனே எழுந்துவிட்டான். "அதுதாங்ண்ணா சரி. சாமி உத்தரவு இல்லாம புள்ளைங்களக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போவமாட்டனுங்க. உத்தரவு வந்தா யார் தடுத்தாலும் கூட்டிட்டுப் போவேன்." சௌந்திரம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பூ எடுக்கக் குழந்தை வேண்டும், அதுதான் முறை. சின்னவன் யோகேஷ் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தான். மூத்தவள் கோகிலவாணி பத்தாம் வகுப்பு, மாதப் பரீட்சைக்குப் போய்விட்டாள். "ஆராச்சும் ஒருத்தர் எடுங்க" என்றார் பூசாரி.

"அம்மிணியே எடுக்கட்டும். நாளைக்கு நான் தில்லுமுல்லு பண்ணிப்போட்டேன்னு பேச்சு வரக் கூடாது" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாயால்.

அவள் குனிந்து, இரண்டு பொட்டலத்தையும் எடுத்தாள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்தி என்று நினைத்தேன். கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் நின்றாள். இடது கையில் இருந்ததை அம்மன் காலடியிலேயே திரும்ப வைத்தாள். வலது கையில் இருந்ததைப் பூசாரியிடம் நீட்டினாள். பிரித்தார். வெள்ளை.

மயில்சாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது முகமெல்லாம் மண்ணும் கண்ணீருமாக இருந்தது. நானும் கும்பிட்டேன். கொடுத்த வாக்கை மாற்றியவன் என்று என்னை எவனும் சொன்னதில்லை. மறுநாளே நாலு பேர் காகிதத்துக்கும் ஆள் அனுப்பினேன். அங்கே மலையடிவாரத்தில் வீடு, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், எல்லாம் நான் பேசி முடித்ததுதான்.

அதன் பிறகு அவள் ஜமைக்காவைப் பற்றி என்னைக் கேட்டவை மூன்றே கேள்விகள். "தண்ணி உப்பா, சப்பையாங்க?" இரண்டும் இல்லை, சுண்ணாம்புத் தண்ணி, பருப்பு வேக நேரமாகும் என்றேன். "ஊட்டச் சுத்தி எடமிருக்குதுங்களா?" இருக்கிறது என்றேன். "அவிங்க என்னுங்க திம்பாங்க?" ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கிறார்கள், மஞ்சளை அள்ளிப் போடுகிறார்கள் என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப ஊரு பரவால்லீங்க" என்றாள்.

எட்டுப் பெட்டிகளில் அவள் அடுக்கியதை நான் நின்று பார்த்தேன். ராகி மாவு, கொள்ளு, இரண்டு சல்லடை, துணி சுற்றிய அரிவாள்மணை. மூன்றாவது பெட்டியில் காம்பு கழற்றிய மண்வெட்டி ஒன்று. "இதெதுக்கு அம்மிணி? விமானத்துல மம்முட்டி கொண்டு போறவ நீதான்" என்றேன். "காம்பு எந்த ஊர்லயும் கெடைக்குமுங்க. இந்த இரும்பு கெடைக்குமுங்களா?" என்று அதைத் தட்டினாள். அவள் அதைச் சேர்த்தே எடை சொன்னாள்: இருபத்து ரெண்டே முக்கால். தராசும் அதையேதான் சொன்னது. நாலாவது பெட்டி, ஐந்தாவது பெட்டி, எல்லாம் சரி. ஆறாவதில் ஐம்பது கிராம் வித்தியாசம்.

தராசைப் பைக்குள் போடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பூக் கேட்ட அன்றைக்குப் பூசாரிக்கு வெள்ளரளி கிடைக்கவில்லை. நந்தியாவட்டை நாலைந்தை உதிர்த்து வைத்துக் கட்டினார். அது காற்று மாதிரி இருக்கும். சிவப்புக்குச் செவ்வரளி, காம்போடு ஒரு கொத்து. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பருத்தி மூட்டையை அசைத்து எடை சொல்லுகிற கை என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கையையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முன்கட்டில் அப்போது நானும் அவளும்தான். பிள்ளைகள் பின்கட்டில் புளியை வேறு டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மயில்சாமி வாசலில் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தான். இனி அது என் வீட்டில்தான் வளரப் போகிறது. சோற்றைத் தின்றுகொண்டே அவனைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. பூவில் ஒரு குற்றம் என்று அவன் காதில் விழுந்தால் போதும், எட்டுப் பெட்டியும் திரும்ப அவிழும். உத்தரவு இல்லாமல் அவன் பிள்ளைகளை ஏற்ற மாட்டான். இதை இப்போது எழுதுகிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். இது அச்சில் வரும்போது அவர்கள் ஜமைக்காவில் போய் இறங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும். மயில்சாமி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். இதைப் படித்து முடிப்பதற்குள் ஒப்பந்தமே முடிந்துவிடும்.

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். "அம்மிணி, அன்னைக்குக் கோயில்ல ரெண்டு பொட்டலத்தையும் கையில எடுத்தியே."

அவள் கை நின்றது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு எட்டாவது பெட்டியில் கையை விட்டு, அடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள். அவிழ்த்தாள். அன்றைக்குப் பூசாரி பிரித்த அதே பொட்டலம். இலை சருகாகியிருந்தது, உள்ளே பூ பழுப்பேறிப் போயிருந்தது. என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க மாமா. எத்தன எட இருக்கும்?"

ஐம்பது வருடம் ராடு தூக்கிய கை. இரும்பென்றால் எனக்கும் தெரியும். மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன். கையில் ஏதோ இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

"ஒண்ணும் தெரீலயே அம்மிணி."

"எனக்கும் எதும் தெரீலீனு சொன்னா நம்புவீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மயில்சாமி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். என் கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். "ஏனுங்ண்ணா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடா. நான் வாங்கியாந்த தராசு சரியில்ல" என்றேன்.

சௌந்திரம் பொட்டலத்தை என் கையிலிருந்து எடுத்தாள். துணியில் முடிந்து, துணிமணிகளுக்கு நடுவில் வைத்து, பெட்டியை மூடினாள். ஜிப்பை இழுத்தாள். ஒரு கையால் ஒரு சாண் தூக்கி, இரண்டு மூச்சு நேரம் பிடித்திருந்தாள். கீழே வைத்து, காலால் வாசல் பக்கம் தள்ளிவிட்டாள்.